எட்டுக்குக் கீழ பச்சை

இல்ல தம்பி, அங்க மாட்டாதீங்க. கதவுக்குப் பக்கத்துல வேண்டாம். முதலாளி ஹாஜி அங்கதான் மாட்டச் சொன்னாருனு தெரியும், அவரு சொல்லும்போது நானும் கூடத்தானே நின்னேன். அங்க பிளக் இருக்கு, வைஃபை எட்டுது, உள்ள போகாமலே நின்னு படிச்சுக்கலாம். மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்த இன்ஜினியரும் இதே மூணு காரணத்ததான் சொன்னாரு. டிரில்ல கீழ வைங்க. பாக்தாத்துலேர்ந்து ஆறு மணி நேரம் கார்ல வந்திருக்கீங்க, முதல்ல உக்காந்து டீயக் குடிங்க. காயவச்ச கருப்பு எலுமிச்சை போட்டது, வெயிலுக்கு நல்லது. சர்க்கரைய நீங்களே போட்டுக்கங்க. எனக்கு வேண்டாம், நான் தண்ணி குடிச்சுக்கறேன்.

அந்தப் பாட்டில மட்டும் நகர்த்தாதீங்க. குப்பை இல்ல அது. ஆமா, அடியில வெடிச்சிருக்கு, நான்தான் டேப் சுத்தி வச்சிருக்கேன். இருக்கட்டும் அங்கேயே. அதப்பத்தி அப்புறம் சொல்றேன்.

ஸர்மத்துங்களா பேரு? நல்ல பேரு. என்னை உம்மு நவார்னு கூப்பிடுங்க, இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. நவார் என் மூத்தவன். ஸ்வீடன்ல இருக்கான், பனியில. எப்படிம்மா இருக்கேனு தினம் கேப்பான், பச்சைனு ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சிடுவேன். அவனுக்கும் தெரியும் இந்த டிகிரி பாக்கற பெட்டி கதையெல்லாம். இந்தக் கிடங்குக்கு நான்தான் ஃபார்மசிஸ்ட். உள்ள வர்ற பெட்டிக்கும் என் கையெழுத்து, வெளிய போற பெட்டிக்கும் என் கையெழுத்து. குளிர் ரூம்ல பெரும்பாலும் இன்சுலின். பஸ்ரா, அமாரா, நாஸிரிய்யா, மூணு ஊருக்கும் இங்கேர்ந்துதான் போகுது.

சரி, காட்டுங்க, என்னென்ன கொண்டாந்திருக்கீங்க. எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு, நீங்களே படிச்சுச் சொல்லுங்க. ம். இது உள்ளேயே எழுதி வச்சுக்கும், அப்புறம் கம்ப்யூட்டர்ல சொருகிப் படிக்கணும். இது சிம் போட்டது. இது வைஃபை, டிகிரி பாக்க ஒரே ஒரு கண்ணு. ஹாஜி எதக் கேட்டாரு? தெரியும், சொல்லாதீங்க. அழகா ரிப்போர்ட் குடுக்கறது எதுன்னு கேட்டிருப்பாரு. கலர்ல கோடு போட்டு, கம்பெனி முத்திரையோட, ஒரு பட்டன அமுக்கினா இன்சுலின் அனுப்பற வெளிநாட்டுக்காரனுக்கு நேரா போய்ச் சேர்ற மாதிரி. எங்க ஹாஜி தாகில் கெட்டவர் இல்ல தம்பி. வருஷத்துக்கு ரெண்டு தடவை கர்பலாவுக்கு யாத்திரையா நடக்கறவங்களுக்கு வழியில சோறு போடுவாரு. ஆனா அவருக்கு ரூம் குளிரா இருக்கறது முக்கியமில்ல, குளிரா இருந்துச்சுனு பேப்பர் இருக்கறது முக்கியம்.

எனக்கு என்ன வேணும்னா கேக்கறீங்க? இந்த ஊர்ல இதுவரைக்கும் யாரும் என்கிட்ட இதக் கேட்டதில்ல. சொல்றேன் இருங்க. ஒரு நிமிஷம், பாத்ரூம் போயிட்டு வந்திடறேன்.

மன்னிச்சுக்கங்க. எங்க விட்டேன்? ஆமா, எனக்கு என்ன வேணும்னு. முதல்ல இந்தச் சத்தம். எல்லாருக்கும் ஃபோன்ல எச்சரிக்கை போகும்னு சொல்றீங்க. இந்தப் பழைய பெட்டியும் அனுப்புதே. எங்களுக்குனு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு, குளிர் ரூம்னு பேரு. இருபத்து மூணு பேரு அதுல. ஹாஜி, ஹாஜியோட மருமகன், வேன் டிரைவருங்க, கணக்குப் பாக்கறவரு, அவரோட மச்சான் ஏன் இருக்காருனு எனக்கே தெரியாது. அரசாங்கக் கரண்ட் போயி தெரு ஜெனரேட்டருக்கு மாத்தறப்ப ஒரு தடவை கத்தும். திரும்ப மாத்தறப்ப ஒரு தடவை. ஒரு நாளைக்கு எட்டு தடவை, பத்து தடவை. முதல் மாசம் எல்லாரும் ஓடி வந்தாங்க. ரெண்டாவது மாசம் என்ன ஆச்சுனு கேட்டு எழுதுனாங்க. மூணாவது மாசம் சத்தத்த நிறுத்திட்டாங்க. குத்தம் சொல்லல, நானும்தான் நிறுத்தினேன். தூங்கணும்ல.

வெள்ளிக்கிழமை ஆனா கேக்கவே வேண்டாம். விடிஞ்சதுலேர்ந்து ரோஜாப்பூ. ஜும்ஆ முபாரக்னு எழுதி, பனித்துளியோட ரோஜா, மசூதிக்கு மேல ரோஜா, டீ கிளாஸுக்குள்ள ரோஜா. இருபத்து மூணு பேரும் ஆளுக்கு ரெண்டு. நடுவுல எங்கயாவது ஒரு ஓரத்துல அறை ஒன்று, ஒன்பது புள்ளி இரண்டுனு ஒரு வரி கிடக்கும். அதுக்கும் கீழ யாராவது கையெடுத்துக் கும்புடற படத்தப் போட்டிருப்பாங்க, அல்லாஹ் பாத்துக்குவான்னு. படிச்சவன் ஒவ்வொருத்தனும் இன்னொருத்தன் போயிருப்பான்னு நினைப்பான். அதனால முதல்ல இத எழுதிக்கங்க. குரூப்புக்கு அனுப்பற பெட்டி வேண்டாம். ஒரே ஒரு ஆளுக்கு அனுப்பணும். அந்த ஆளு வரலைனா அடுத்த ஆளுக்கு. யாரு வரலைனு பேரோட எழுதி வைக்கணும்.

சிரிக்காதீங்க. உங்க ஆபீஸ்லயும் அப்படி ஒரு குரூப் இருக்கும்.

எட்டு டிகிரிதான் எல்லை. ரெண்டுக்கும் எட்டுக்கும் நடுவுல இருக்கணும் இன்சுலின், அது உங்களுக்கே தெரியும். இந்த ஊருக்கு நம்பர்னாலே ஒரு தகராறு உண்டு. செய்தியில எப்பவும் நாப்பத்தொன்பதுனுதான் சொல்வானாம், அம்பதுனு சொன்னா ஆபீஸுக்கெல்லாம் லீவு விடணுமாம். நெசமோ பொய்யோ, சின்ன வயசுலேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். அதே பழக்கம்தான் இங்கயும். வேன்ல போற தெர்மாமீட்டரப் பாத்து டிரைவருங்க எழுதற நம்பரப் பாருங்க, ஏழு புள்ளி எட்டு, ஏழு புள்ளி ஒன்பது, ஏழு புள்ளி எட்டு. மூணு வருஷமா ஒருத்தனும் எட்டத் தொட்டதே இல்ல.

சரி, ஆனா இதுவரைக்கும் சொன்னதெல்லாம் ஊரறிஞ்ச கதை. எங்க போனாலும் உங்ககிட்ட இதையேதான் சொல்லுவாங்க. நான் சொல்ல வந்தது வேற.

அந்தப் பழைய பெட்டிய மாட்டினப்ப அந்த இன்ஜினியர் கேட்டாரு, மேல எல்லை எவ்வளவுனு. எட்டுனு சொன்னோம். கீழ் எல்லை எவ்வளவுனு கேட்டாரு. ஹாஜி சிரிச்சாரு பாருங்க, கண்ணுல தண்ணி வந்திடுச்சு. பஸ்ராவுல குளிர்ல எதுய்யா செத்துச்சுனு கேட்டாரு. நானும் சிரிச்சேன். படிச்சவ நான், உறைஞ்ச இன்சுலின் செத்த இன்சுலின்னு பரீட்சையில எழுதி மார்க் வாங்கினவ. ஆனா அன்னைக்கு வெளிய நாப்பத்தேழு டிகிரி, சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டு இருக்கு. குளிர்ங்கறது ஒரு ஆபத்துனு அந்த நேரத்துல யாரு நினைப்பா? அவரு அந்தக் கட்டத்த காலியா விட்டுட்டாரு. எட்டுக்கு மேல போனா சிவப்பு. எட்டுக்குக் கீழ எதுவா இருந்தாலும் பச்சை.

குடிங்க, ஆறிடப் போகுது. நான் இன்னொரு பாட்டில் எடுத்துக்கறேன்.

இந்த ரூமுக்குத் திருகு ஒண்ணு இருக்குல, எவ்வளவு குளிர் வேணும்னு வைக்கற திருகு. கோடை ஆரம்பிச்சா அத நாங்க கடைசி வரைக்கும் திருப்பி விட்டுடுவோம். இங்க எல்லாரும் அப்படித்தான், மீன்காரன், ஐஸ்கிரீம்காரன், எல்லாரும். ஏன்னா எப்படியும் கரண்ட் போகும். நாலுல வச்சா, ஒரு மணி நேரம் கரண்ட் இல்லாதப்ப பத்துக்குப் போயிடும். கடைசில வச்சா, கரண்ட் இருக்கறப்ப இறங்கிக்கிட்டே இருக்கும், ரெண்டு வர்றதுக்குள்ள கரண்ட் போயிடும், மறுபடி ஏறும். அப்படி அஞ்சு, ஆறுனு சராசரியா நிக்கும். கரண்ட் போறதையும் சேத்துத்தான் எங்க கணக்கு. இத எந்தப் புஸ்தகத்துலயும் எழுதல. மூணு கோடை இப்படியே ஓட்டினோம், ஒரு பெட்டி வீணாகல.

போன வெள்ளிக்கிழமை. நாப்பத்தொன்பதுக்கே வழியில்லாம அம்பதுனு சொல்லிட்டான், அப்படின்னா எவ்வளவு இருந்திருக்கும்னு யோசிச்சுக்கங்க. ஞாயிறும் திங்களும் ஆபீஸ் லீவுனு அறிவிச்சாங்க. மத்தியானம் அரசாங்கக் கரண்ட் போச்சு. தெரு ஜெனரேட்டரும் சூடு தாங்காம நின்னு போச்சு. நான் வீட்டுல மீன் பொரிச்சுக்கிட்டு இருந்தேன். என்னமோ ஃபோன எடுத்துப் பாத்தேன், ரோஜாவுக்கு நடுவுல பன்னெண்டு புள்ளி ஆறுனு ஒரு வரி. அடுப்ப அணைச்சிட்டு, கையக் கூட சரியாக் கழுவாம டாக்சி பிடிச்சேன். இங்க வந்து ஜாஸிப் கால்ல விழாத குறை. ஜாஸிப் தெரியாதுல உங்களுக்கு, எங்க தெரு ஜெனரேட்டர ஓட்டறவரு. சகோதரா, உள்ள இருக்கறது எத்தனையோ பேரோட மூச்சு, எப்படியாவது பண்ணுனு சொன்னேன். அந்த மனுஷன் ஈரக் கோணிய மெஷின் மேல போட்டு, ரெண்டு மணி நேரம் தண்ணி ஊத்தி, ஓட வச்சாரு. நான் உள்ள போயி திருகு கடைசிலதான் இருக்கானு பாத்தேன், இருந்துச்சு. மார்க்கெட்லேர்ந்து பத்து பாளம் ஐஸ் வாங்கியாந்து வச்சேன். பன்னெண்டு, பத்து, எட்டு, ஏழு. பச்சை.

குரூப்ல போட்டேன். இருபத்து ரெண்டு ரோஜா வந்துச்சு எனக்கு. ஹாஜி குரல் மெசேஜே அனுப்பினாரு, உம்மு நவார், உன் கைக்குத் தங்க வளையல் போடணும்னு. சந்தோஷமா இருந்துச்சு தம்பி. மறைக்க மாட்டேன், ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

இப்பதான் கவனமா கேளுங்க. ஜாஸிப் நல்லவரு. நான் சொன்ன வார்த்தை அவரு மனசுல பதிஞ்சிடுச்சு. மத்த வீட்டுக்காரங்க கத்தினாலும் பரவாயில்லனு, எங்க லைன மட்டும் அவரு வெட்டவே இல்ல. சனிக்கிழமை முழுக்க வெட்டல. மூணு வருஷத்துல முதல் தடவையா ஒண்ணரை நாள் இந்த ரூமுக்குக் கரண்ட் ஒரு நிமிஷம் கூட நிக்கல.

புரிஞ்சிடுச்சு, முகத்தப் பாத்தாலே தெரியுது. இன்ஜினியர்ல.

திருகு கடைசில. ஐஸ் வேற உள்ள. சனிக்கிழமை நான் வீட்டுல படுத்துக்கிட்டு மணிக்கு ஒரு தடவை ஃபோனப் பாத்தேன். மூணு, பச்சை. ரெண்டு, பச்சை. ஒண்ணு, பச்சை. அது கதவுப் பக்கத்து நம்பர். கதவு இடுக்குல வெளிச் சூடு லேசா வர்ற இடம். பின்னாடி, காத்தாடி ஊதற இடத்துல என்ன நம்பர்னு அதுக்குத் தெரியாது, அங்க அதுக்குக் கண்ணு இல்ல. ஒண்ணுனு பாத்தப்ப எனக்குத் தோணியிருக்கணும். தோணல. ஒண்ணு எட்டுக்குக் கீழதானே, பச்சைதானேனு மறுபடி படுத்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலைல வந்து திறந்தேன். வெள்ளிக்கிழமை வேலை பாக்கறப்ப குடிக்கக் கொண்டு போன பாட்டில, பின்னாடி அலமாரில ரெண்டு பெட்டிக்கு நடுவுல மறந்து வச்சிட்டுப் போயிருந்தேன். எடுத்தா கல்லு மாதிரி இருந்துச்சு. அடி வெடிச்சிருந்துச்சு. இதுதான் அந்தப் பாட்டில்.

அந்தப் பாட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி. திறந்து பாத்தேன். ஊசி போடற பேனா எல்லாம் அழகா இருந்துச்சு, தண்ணி மாதிரி தெளிவா. உறைஞ்சு உருகினாலும் அப்படித்தான் தம்பி இருக்கும். பாத்துக் கண்டுபிடிக்கவே முடியாது, அதுதான் இந்த மருந்தோட கேடு.

ஹாஜியக் கூப்பிட்டேன். வந்தாரு. பாட்டில நீட்டினேன். கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் ஃபோன எடுத்து இந்தப் பெட்டியோட ரிப்போர்ட்டக் காட்டினாரு. வெள்ளி மத்தியானம் ஒரு சின்னச் சிவப்பு, அதுக்கப்புறம் முழுக்கப் பச்சை. மூணு வருஷத்துல இவ்வளவு அழகான ரிப்போர்ட் வந்ததே இல்லைனாரு. உம்மு நவார், இது சரி பாத்துச் சான்றிதழ் குடுத்த கருவி, உன் பாட்டிலுக்குச் சான்றிதழ் இருக்கானு கேட்டாரு. கிண்டலா கேக்கல. நெசமாவே கேட்டாரு. அவரு கண்ணுல பயம் இருந்துச்சு.

இருங்க, ரெண்டு நிமிஷம். மறுபடியும்தான். டீயக் குடிச்சு முடிங்க.

அந்த நோட்டயா பாத்துக்கிட்டு இருந்தீங்க? அது நான் எழுதறது. ஞாயிறு இருநூத்துப் பத்து, திங்கள் இருநூத்து எழுபது. இல்ல இல்ல, டிகிரி இல்ல தம்பி, முன்னூத்துச் சொச்சம் டிகிரில இங்க என்ன இருக்கு, ரொட்டி சுடற அடுப்பா? அது வேற ஒரு கருவியோட கணக்கு. அதையும் சொல்லித்தான் அனுப்புவேன் உங்கள.

எங்க விட்டேன். ஆமா, பயம். அவரு பயந்ததுலயும் நியாயம் இருக்கு. அடுத்த சரக்கு கப்பல்ல வர இன்னும் ஆறு வாரம். வேற கிடங்குல ஒரு பெட்டி கிடையாது, நானே கேட்டுட்டேன். இதக் கொட்டினா, நாளைக்குக் காலைல மூணு ஊர் மருந்துக் கடையிலயும் ஒண்ணும் இருக்காது. ஒருவேளை பாதி நல்லா இருக்கலாம் உம்மு நவார், கதவுப் பக்கம் இருந்த பாதினு சொன்னாரு. நான் சொன்னேன், அப்ப கதவுப் பக்கத்த மட்டும் அனுப்புவோம்னு. அதுக்குள்ள டிரைவருங்க பாதிய ஏத்திட்டானுங்க, முன்னாடி எது பின்னாடி எதுனு பாக்காம. எல்லாப் பெட்டி மேலயும் ஒரே நம்பர். ஒரே நாள் செஞ்சது, ஒரே நாள் வந்தது. எது உறைஞ்சது எது உறையலைனு சொல்ல இனிமே அந்த அல்லாஹ்வால மட்டும்தான் முடியும்.

கையெழுத்துப் போட்டேன். வேற யாரும் போடல, நான்தான் போட்டேன். யாரும் கையப் பிடிச்சு இழுக்கல. பச்சை ரிப்போர்ட்ட மேல வச்சு, கீழ என் பேர எழுதினேன். ஒண்ணுமில்லாம இருக்கறதுக்குப் பாதியாவது போகட்டும்னு தோணுச்சு. அப்படியும் இல்ல. உண்மையச் சொல்லணும்னா, திருகு விஷயம் வெளிய வரும்னு பயந்தேன். ஐஸ் வாங்கி வச்சது நான். ஜாஸிப் கால்ல விழப் போனது நான். தங்க வளையல் கைக்காரி.

உள்ள எட்டிப் பாருங்க வேணும்னா. கம்பி அலமாரி மட்டும்தான் நிக்குது. எல்லாம் போயிடுச்சு.

போன பெட்டியத் திரும்ப வாங்கலாமேனா? மனசு கேக்காம அன்னைக்கு மத்தியானமே ஆரம்பிச்சேன். பதினொரு கடைக்கு நானே ஃபோன் பண்ணினேன். ஒருத்தர் திருப்பி அனுப்பறேன்னாரு, இன்னும் வரல. மீதி பத்து பேரும் ஒரே பேச்சு. அக்கா, கடை வாசல்ல இருபது பேரு நிக்கறாங்க, கெட்டுப் போச்சுனு சொல்லி எதக் குடுக்கறது, நீங்க வந்து சொல்றீங்களானு கேட்டாங்க. என்ன சொல்ல? மருந்துத் துறைல மேல ஒரு ஆபீஸுக்கு எழுதினேன். ஞாயிறும் திங்களும்தான் வெயில் லீவாச்சே. செவ்வாக்கிழமை ஒரு பையன் பேசினான், மரியாதையாத்தான் பேசினான். கருவியோட ரிப்போர்ட்ட இணைச்சு அனுப்புங்க, பாக்கறோம்னான். இணைச்சேன். பச்சை.

அதான் தம்பி சொல்றேன். ஒரு கண்ணு போதாது. பின்னாடி ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கதவுல ஒண்ணு. கீழ் எல்லை ரெண்டு, அந்தக் கட்டத்தக் காலியா விட்டா பெட்டி ஓடவே கூடாது. கரண்ட் போனாலும் தானே எழுதணும், வைஃபை போனா சிம்ல அனுப்பணும். யாரும் அழிக்க முடியக் கூடாது. எழுதிக்கிட்டீங்களா? ஹாஜி ஒரு மணிக்கு வருவாரு, கதவுல மாட்டின பெட்டியோட ஒரு ஃபோட்டோ எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பணும் அவருக்கு. பழையத நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிடணும்னு சொன்னாராமே. எடுத்துக்கிட்டுப் போங்க. அதுல ஒண்ணும் இல்ல, அது பாத்த வரைக்கும் அது உண்மையத்தான் சொல்லிச்சு.

நான் உக்காந்தே பேசறேன், தப்பா நினைக்காதீங்க. நின்னா கொஞ்சம் தலை சுத்துது. இல்ல, வெயில் இல்ல.

அந்த நோட்டா? சரி, சொல்லிடறேன். ஹாஜி என்கிட்ட என்ன கேட்டாரு? சரி பாத்த கருவி கேட்டாரு. பாட்டில் சொல்றது செல்லாதுன்னாரு. என்கிட்ட வேற ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. கடைசி வேன் ஏறறதுக்கு முன்னாடி, பாட்டில் இருந்த இடத்துக்குப் பக்கத்துப் பெட்டிய எடுத்து என் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். பதினெட்டு வயசுலேர்ந்து ஊசி போட்டுக்கறவ நான். முப்பத்து நாலு வருஷம். எத்தனை அளவு போட்டா சர்க்கரை எத்தனை இறங்கும்னு என் உடம்புல எனக்கு மனப்பாடம். ரொட்டி ஒண்ணுக்கு இவ்வளவு, சோறுக்கு இவ்வளவு, கோபம் வந்தா இவ்வளவு. என்னை மாதிரி சரி பாத்த கருவி இந்த ஊர்ல இன்னொண்ணு கிடையாது. ஞாயித்துக்கிழமைலேர்ந்து அந்தப் பெட்டிலேர்ந்துதான் போட்டுக்கறேன். காலைல இருபது யூனிட், சாயங்காலம் இருபது, சாப்பாட்டுக்குத் தனியா. செவ்வாக்கிழமைலேர்ந்து ரெண்டு மடங்கு போடறேன். நோட்ட நீங்களே படிச்சீங்க, எப்படி ஏறுதுனு.

உக்காருங்க. எழுந்திரிக்காதீங்க, டீ கொட்டிடும்.

ஆஸ்பத்திரிக்கா? போகலாம், உங்க கார் இருக்கு, பத்து நிமிஷம்தான். போனதும் என்ன ஏத்துவாங்க? இன்சுலின்தானே. அவங்க பெட்டி எங்கேர்ந்து வந்துச்சுனு நினைக்கறீங்க? ஞாயித்துக்கிழமை சரக்கு, ஏழாம் நம்பர் சீட்டு, என் கையெழுத்து. ஒருவேளை கதவுப் பக்கத்துப் பெட்டியா இருக்கலாம். இருந்தா நல்லது. நேத்து அங்க ஒரு பொண்ணு செத்துப் போயிடுச்சாம், அமாராவுலேர்ந்து வந்ததாம். சர்க்கரையா, வேற ஏதாவதானு தெரியல. நான் கேக்கல. கேக்க பயமா இருந்துச்சு தம்பி.

குரூப்ல தினம் போடறேன் இந்த நம்பர. ஒளிக்கல. பின் அலமாரிப் பெட்டி, முன்னூத்து நாப்பதுனு எழுதினேன் நேத்து. சீக்கிரம் குணமாகணும்னு பதினேழு ரோஜா வந்துச்சு. ஹாஜியும் ஒண்ணு போட்டிருந்தாரு, ஓய்வு எடுத்துக்க தாயேனு. அவருக்குப் புரிஞ்சிருக்கும். புரிஞ்சுதான் புதுப் பெட்டிக்கு உங்களக் கூப்பிட்டாரு.

போறேன், கண்டிப்பா வர்றேன் உங்க கூட. நான் ஒண்ணும் சாகறதுக்கு உக்காரல. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. இந்தப் புதுப் பெட்டில குறிப்பு எழுத ஒரு இடம் இருக்கு, ஒரு தடவை எழுதினா கம்பெனிக்காரனே அழிக்க முடியாதுனு சொன்னீங்கல்ல? அதுல முதல் வரியா இது இருக்கட்டும். எங்கயாவது ஒரு இடத்துல எழுதியிருக்கணும். இதனால ஒருத்தருக்கும் ஒரு நல்லதும் ஆகப் போறதில்ல, தெரியும். போன பெட்டி போனதுதான். இருந்தாலும்.

இதோ, விரலக் குத்திட்டேன். அஞ்சு செகண்ட் ஆகும். எழுத்து எனக்கு மங்கலாத் தெரியுது, காலைலேர்ந்தே அப்படித்தான். நீங்க பாத்துப் படிங்க. சத்தமாப் படிங்க.

ம்.

எழுதிக்கங்க. வியாழக்கிழமை, பன்னெண்டே கால். பின் அலமாரி, மூணாவது தட்டு. அந்த நம்பர். கீழ என் பேர், உம்மு நவார்னு இல்ல, முழுப் பேர். இப்திஹால் ஷ்னாவா. ரூமுக்குப் பொறுப்பான ஃபார்மசிஸ்ட்.

என் ஃபோன்தான் அது, விடுங்க. ஒண்ணுமில்ல. பழைய பெட்டி மத்தியானக் கணக்கு அனுப்பியிருக்கும். உள்ள ஒரு மருந்து கூட இல்ல, அஞ்சு டிகிரியாம். பச்சை.